நாற்பது அழைப்புகள் வந்தன, நேரில் வந்தவர்கள் இருவர்: விளம்பரத்தில் என்ன பிழை?

பேட்டை தையற்கூடம்:
வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் பதினோரு மெஷின்களோடு சிறிய தையற்கூடம் நடத்துகிறேன். தைப்பது முழுக்கப் பள்ளிச் சீருடை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆர்டரை முடித்துக் கொடுத்தாக வேண்டும். துணி விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் போட ஒருவரும், காஜா (பட்டன் துளை), பட்டன் வேலைக்கு இருவரும் தேவை. இதுவரை சொல்லிவைத்துத்தான் ஆள் எடுத்திருக்கிறேன். ஒரு பெண் திருமணமாகிப் போனால், தன் சித்தி மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். இந்த ஆண்டு அப்படி யாரும் அமையவில்லை.

அதனால் நம் மாவட்டத்து வேலைகளைப் போடும் ஓர் இணையதளத்தில் விளம்பரம் கொடுத்தேன். “தையல் தெரிந்த பெண்கள் தேவை. நல்ல சம்பளம். திருநெல்வேலி.” ஒரே வாரத்தில் நாற்பது பேருக்கு மேல் அழைத்தார்கள். பதினைந்து பேர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். தைத்துக் காட்டச் சொல்வதற்காக இரண்டு மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, துண்டுத் துணியும் நறுக்கி வைத்துக் காத்திருந்தேன். இருவர்தான் வந்தார்கள். அதில் ஒரு பெண் ஐந்நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “முதலில் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேட்டாள். அன்று முழுவதும் எனக்கு மனசே சரியில்லை.

வேலை தேடுகிறவர்கள் சொல்லுங்கள். நான் எங்கே தவறினேன்?

முக்கூடல் மகள்:
அக்கா, பி.காம். முடித்து ஓராண்டு வேலை தேடி அலைந்தவள் நான். இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். “நல்ல சம்பளம்” என்று போட்டிருந்தால் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும். தொகையைப் போடுங்கள், குறைவாக இருந்தாலும் சரி.

என் அம்மா பீடி சுற்றுகிறார். மடியில் சொளகு, அதில் நறுக்கிய இலை, தூள், நூல். கூலி குறைவுதான். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தும் சுற்றலாம். இதை விட்டுவிட்டு வெளியே வரும் பெண்ணுக்குக் கையில் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

பிறகு, “திருநெல்வேலி” என்றால் எந்த இடம் அக்கா? பெருமாள்புரமா, தச்சநல்லூரா, கங்கைகொண்டானா? எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், மாலை எத்தனை மணிக்கு விடுவீர்கள்? ஐந்தரை என்றால் வீட்டில் அனுப்புவார்கள். ஏழு என்றால் அந்தப் பேச்சே எழாது. கூடத்தை நடத்துவது ஒரு பெண் என்பதையும் எழுதுங்கள். தயங்குகிற வீட்டார் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பணத்தோடு வந்த பெண்ணைத் தவறாக நினைக்காதீர்கள். பதிவுக் கட்டணம் என்று ஓர் இடத்தில் நானும் எண்ணூறு ரூபாய் அனுப்பினேன். மறுநாளிலிருந்து அந்த எண் அணைந்தே கிடக்கிறது.

ஓய்வுபெற்ற எழுத்தர், பாளையங்கோட்டை:
அம்மா, தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆலங்குளத்துப் பெண் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் பழைய பேட்டையில் இறங்கிவிடலாம். ஆனால் இணையதளத்தில் மாவட்டம் கேட்கும் கட்டத்தில் அவள் தேர்ந்தெடுப்பது தென்காசியை. உங்கள் விளம்பரம் அவள் கண்ணிலேயே படாது. இரண்டு மாவட்டத்திலும் போடுங்கள்.

மாநில அரசின் தனியார் துறை வேலை இணையதளம் 2020 முதல் இருக்கிறது. மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் 2015-லேயே வந்துவிட்டது. இரண்டிலும் வேலை கொடுப்பவர், தேடுபவர் யாருக்கும் கட்டணம் கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறோமே, அந்தப் பதிவு வேறு, இது வேறு. அந்த அட்டை ஒன்றே போதும் என்று நம்பி, பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் நீங்கள் போய்வரலாம். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், மறக்க வேண்டாம். நிரம்பிய வேலைக்கு அழைத்து அழைத்துத்தான் இவர்கள் சலித்துப்போகிறார்கள்.

பேட்டை தையற்கூடம்:
அண்ணாச்சிக்கும் தங்கச்சிக்கும் நன்றி. இரண்டு மாவட்டத்திலும் இப்படி மாற்றிப் போட்டேன்:

“பள்ளிச் சீருடை தையற்கூடம், பேட்டை. ஓவர்லாக் தெரிந்தவர் ஒருவர், நாளுக்கு 480 ரூபாய். காஜா, பட்டன் வேலைக்கு இருவர், நாளுக்கு 380, வேலை கற்றுத் தரப்படும். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை. கூலி சனிக்கிழமைதோறும். கூடத்தை நடத்துபவர் பெண். தென்காசி பஸ்ஸில் வருவோர் பழைய பேட்டையில் இறங்கலாம். சுத்தமல்லிப் பெண்கள் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் வரலாம். வேலையில் சேர யாரிடமும் எந்தப் பணமும் கொடுக்க வேண்டாம்.”

இந்த முறை அழைத்தவர்கள் ஒன்பதே பேர். வருவதாகச் சொன்ன ஆறு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். ஓவர்லாக்கிற்கு ஆலங்குளத்திலிருந்து ஒருவர் சேர்ந்திருக்கிறார். துண்டுத் துணியில் அவர் ஓட்டிய விளிம்பு அவ்வளவு நேராக இருந்தது. ஐந்நூறு ரூபாயோடு வந்த பெண்ணை நானே அழைத்துப் பேசினேன். நேற்றிலிருந்து பட்டன் தைக்கிறாள். காஜாவுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். ஓவர்லாக் வரியை எடுத்துவிட்டு, இருவர் என்பதை ஒருவர் என்று திருத்திவிட்டேன்.