பண்ணைக்காரர் மனைவி அடுப்படியில் என்ன உடுத்தியிருப்பாள்?

நூல்கண்டு:
வார இறுதிகளில் பென்சில்வேனியாவில் ஒரு பழைய கிராமக் காட்சியகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். அங்கே அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1863ஆம் ஆண்டுக் கோடையை நடித்துக் காட்டுகிறோம். துப்பாக்கி, பீரங்கி எதுவும் இல்லை. ஊர்ச் சனங்கள் எப்படிச் சமைத்தார்கள், துவைத்தார்கள் என்பது மட்டும்தான். எனக்கு ஒரு சிறு பண்ணைக்காரரின் மனைவி வேடம். ‘கோடீஸ் லேடீஸ் புக்’ பத்திரிகையின் 1862ஆம் ஆண்டு வண்ணப் படத்தைப் பார்த்து ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு கவுன் தைத்தேன். உள்ளே ஹூப் ஸ்கர்ட்டும் (கவுனைக் குடைபோல விரித்து நிறுத்தும் வளையப் பாவாடை) உண்டு. போட்டுக்கொண்டு போனால், "இது அடுப்படிக்கு ஆகாது" என்று பொறுப்பாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தப் பத்திரிகை பிலடெல்பியாவில் அச்சானது, எங்கள் மாநிலம்தான். 1860 வாக்கில் ஏறத்தாழ 1,50,000 பிரதிகள் விற்றது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டுமாம்?

பழையபெட்டி:
கோபம் புரிகிறது, ஆனால் பொறுப்பாளர் சொன்னதுதான் சரி. தீபாவளி மலரில் வரும் பட்டுப்புடவை விளம்பரத்தை வைத்து, அந்த வருஷம் நாற்று நட்ட பெண்கள் என்ன கட்டியிருந்தார்கள் என்று எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? கோடீஸ் படமும் அதுதான். மக்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. எதை உடுத்தினார்கள் என்பதற்கு இல்லை.

ராசு_ஓஹையோ:
வந்துட்டாரய்யா தையல் எண்ணுகிறவர். இப்படி ஒவ்வொரு பொத்தானுக்கும் சண்டை போட்டுத்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் ஓடிப்போகிறார்கள். வேடிக்கை பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் என்று ஒரு உணர்வு வந்தால் போதும். அப்புறம் ஒன்று, ஹூப் ஸ்கர்ட் பணக்காரப் பெண்களுடையது மட்டும் இல்லை. 1856க்குப் பிறகு எஃகு வளையத்தில் மொத்தமாகச் செய்து மலிவாக விற்றார்கள். சாதாரணப் பெண்களும் வாங்கினார்கள்.

பழையபெட்டி:
வாங்கினார்கள், மறுக்கவில்லை. அதை அடுப்பு முன்னால் போட்டார்களா என்பதுதான் கேள்வி. 1861 ஜூலையில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேனி, கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே உடையில் தீப்பிடித்து மறுநாள் இறந்தார். அவர் சமைக்கக்கூட இல்லை. நூல்கண்டு, நீங்கள் திறந்த அடுப்பில் விறகு தள்ளப் போகிறீர்கள்.

நூல்கண்டு:
சரி, தீ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்துப் புகைப்படங்களிலும் ஹூப் இருக்கிறதே? பழைய பொருள் சந்தையில் நானே இரண்டு டின்டைப் (இரும்புத் தகட்டில் எடுத்த அந்தக் காலப் படம்) வாங்கி வைத்திருக்கிறேன்.

பழையபெட்டி:
ஸ்டூடியோவுக்குப் போகிறவர் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு போவாரா? நம் வீட்டுப் பழைய ஆல்பத்தில் பாட்டி சாணி தட்டுகிற படம் எத்தனை இருக்கிறது? இன்னொன்று, டின்டைப்பில் உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும். அதைப் பார்த்துப் பொத்தானைத் தப்பான பக்கம் தைத்தவர்கள் உண்டு. (நானும் ஒருவன். வெளியே சொல்லாதீர்கள்.)

பெரிய சிக்கல் வேறு. அருங்காட்சியகங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்யாண உடையும் ஞாயிற்றுக்கிழமை உடையும்தான். வேலைக்குப் போட்ட காலிக்கோப் பருத்திக் கவுன் மிஞ்சவே இல்லை. கிழிந்ததும் அது பிள்ளைக்குச் சட்டையானது, பிறகு ஒட்டுப்போர்வையானது, கடைசியில் கந்தல்காரர் வாங்கிக் காகித ஆலைக்குப் போட்டார். மரக்கூழ் பரவும்வரை அமெரிக்காவில் காகிதமே கந்தலில்தான் செய்தார்கள். 1850களின் செய்தித்தாளை இன்று நீங்கள் தொட்டால், அந்தப் பெண்ணின் கவுனைத்தான் தொடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ராசு_ஓஹையோ:
கவிதை நன்றாக இருக்கிறது. உடையும் இல்லை, படமும் கூடாது, பத்திரிகையும் கூடாது. அப்புறம் எதைப் பார்த்துத் தைப்பதாம்?

பழையபெட்டி:
கணக்கைப் பாருங்கள். ஒருவர் இறந்தால் அவர் வீட்டுப் பொருள்களை நீதிமன்றத்துக்காகப் பட்டியல் எடுப்பார்கள். சில பட்டியல்கள் அறை அறையாகப் போகும்: எத்தனை நாற்காலி, எந்தச் சட்டி உடைந்தது, ஒவ்வொன்றும் என்ன விலை பெறும் என்று. ஊர்க் கடைக்காரரின் நாட்கணக்கு அதைவிட ருசியானது. இன்னார் மனைவி இத்தனை கெஜம் காலிக்கோ, ஒரு குடுவை மொலாசஸ் (கரும்புப் பாகு), ஆணி வாங்கினார், பதிலுக்கு வெண்ணெயும் முட்டையும் கொடுத்தார் என்று இருக்கும். ரொக்கம் கைமாறாத பக்கங்கள் ஏராளம். காலிக்கோ என்ற பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனதுதான், ஆனால் அமெரிக்கக் கடையில் அது மலிவான அச்சுப் பருத்தித் துணி. காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பச்சைக் கொட்டையாகத்தான் வாங்குவார்கள், வீட்டில்தான் வறுப்பார்கள். ஆர்பக்கிள் கம்பெனி வறுத்த கொட்டையைப் பையில் விற்றதெல்லாம் போர் முடிந்த பிறகு. நீங்கள் 1863 அடுப்படியில் காப்பி கொதிக்க வைத்தால் முதலில் வறுக்க வேண்டும்.

கடையில் என்ன இருந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் கன்சாஸ் சிட்டிக்குப் போங்கள். 1856 செப்டம்பரில் மிசௌரி ஆற்றில் மூழ்கிய ‘அரேபியா’ நீராவிக் கப்பலை 1988இல் தோண்டி எடுத்தார்கள். எல்லைப்புறக் கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கு அப்படியே இருக்கிறது.

ராசு_ஓஹையோ:
போயிருக்கிறேன் சார். அங்கே பூட்ஸ் இருக்கிறது, கம்பளி இருக்கிறது. பருத்தி சேற்றில் மக்கிப் போய்விட்டது. ஆக, உங்கள் காலிக்கோ கவுன் அங்கேயும் இல்லை. கடைக்கணக்கும் வாங்கியதைத்தான் சொல்லும், எப்படித் தைத்தார்கள் என்று சொல்லாது. வீட்டிலேயே நெய்தது அதில் ஏறவே ஏறாது. ஒவ்வொரு ஆதாரத்திலும் ஓட்டை இருக்கும்போது கோடீஸை மட்டும் ஏன் அடிக்கிறீர்கள்?

பழையபெட்டி:
பருத்தி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

கருவேலம்:
எல்லாரும் துணியிலேயே நிற்கிறீர்கள். 1863 ஜூனில் பென்சில்வேனியாவில் என்ன நடந்தது? தெற்கத்தித் தளபதி லீயின் படை உள்ளே வந்தபோது சேம்பர்ஸ்பர்க் பக்கம் கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே ஓட்டிப் போனார்கள். சுதந்திரமாகப் பிறந்தவர்களும் அதில் உண்டு. ரேச்சல் கோர்மனி என்ற பெண் அதைக் கண்ணால் கண்டு அப்போதே நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கின் கறுப்பின மக்களில் பலர் முன்னாடியே ஊரை விட்டு ஓடினார்கள். நூல்கண்டு, உங்கள் கிராமத்தில் அந்தக் கோடையைக் காட்டும்போது இதை யாராவது பேசுகிறார்களா?

நூல்கண்டு:
இல்லை. ரொட்டி சுடுகிறோம், மெழுகுவத்தி செய்கிறோம்.

ராசு_ஓஹையோ:
அதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்? 1850, 1860 சென்சஸில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது. உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான்.

கருவேலம்:
பென்சில்வேனியா அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலம், அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் 1850 முதல் சென்சஸில் பெயரோடு இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மேரிலாந்து. ஃபிரெடெரிக் டக்ளஸ் அங்கே அடிமையாகப் பிறந்தவர். வருஷத்துக்குக் கிடைத்த துணியை 1845இல் எழுதிய தன்வரலாற்றில் எண்ணியே சொல்கிறார்: முரட்டு லினன் சட்டை இரண்டு, கால்சட்டை, குளிருக்கு இன்னொன்று, ஒரு மேல்சட்டை, ஒரு ஜோடி காலுறை, ஒரு ஜோடி செருப்பு. எல்லாம் சேர்த்து 7 டாலருக்கு மேல் போகாதாம். வயலில் வேலை செய்ய முடியாத பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு சட்டை மட்டும், கிழிந்தால் அடுத்த தவணைவரை அம்மணம். தப்பியோடியவர்களைப் பிடிக்க உடைமையாளர்கள் கொடுத்த விளம்பரங்களிலும் சட்டை நிறம் முதல் ஒட்டு வரை இருக்கும். அது தவிர 1936 முதல் 1938 வரை, முன்பு அடிமைகளாக இருந்த 2,300க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த பேட்டிகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

ராசு_ஓஹையோ:
இங்கேதான் இடிக்கிறது. அந்த ஊர்ப் பெண் டில்லி பியர்ஸ் தான் கண்ட கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி 1889இல் எழுதியதை, 26 வருஷம் கழித்து எழுதிய ஞாபகம் என்று ஒதுக்குவீர்கள். தெற்கத்திப் பெண் மேரி செஸ்னட் தன் போர்க்கால நாட்குறிப்பை 1880களில் திருத்தி எழுதினார் என்று அதையும் சந்தேகப்படுவீர்கள். 70 வருஷம் கழித்து எடுத்த பேட்டி மட்டும் வேதவாக்கா?

கருவேலம்:
நல்ல கேள்வி. வேதவாக்கு இல்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், பதில் சொன்ன பலர் அடிமைக் காலத்தில் சிறு பிள்ளைகள். எஜமான் நல்லவர் என்று கிழவர் சொன்னால், யார் முன்னால் சொன்னார் என்று பார்க்க வேண்டும். ஆனால் பசித்த பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள், காலில் செருப்பு இருந்ததா என்பதை உடம்பு மறக்காது. தோட்ட முதலாளியின் துணிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. டில்லியையும் நான் ஒதுக்கவில்லை.

நூல்கண்டு:
நான் மாநிறம். சில பார்வையாளர்கள் என் முகத்தைப் பார்த்தே "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். மதராஸிலிருந்து வந்தவளாக நடித்தால் என்ன? அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் மதராஸ்காரர் ஒருவரைப் பார்த்ததாகப் போதகர் வில்லியம் பென்ட்லி 1790இல் எழுதியிருக்கிறாரே.

பழையபெட்டி:
அது மாசசூசெட்ஸ் துறைமுகம், 73 வருஷம் முந்தி, அதுவும் ஒரு ஆண். அதை வைத்துப் பண்ணை வீட்டில் ஒரு மதராஸ் மனைவியைக் கட்டினால் கோடீஸ் கவுனைவிட மோசம். வேடத்தை விட்டு இறங்கி, "நான் இந்தக் காலத்து ஆள், அவர்கள் வாழ்ந்ததைக் காட்டுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். பெரிய காட்சியகங்களிலும் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ராசு_ஓஹையோ:
முதல்முறையாக ஒத்துப்போகிறேன். ஹூப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் காட்சிக்குப் போடுங்கள்.

நூல்கண்டு:
இன்று போய்க் கேட்டேன். அலுவலக அலமாரியில் அந்த ஊர்க் கடையின் நாட்கணக்கு ஒன்று கிடக்கிறதாம், யாரும் முழுதாகப் படிக்கவில்லை. சனிக்கிழமை படிக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சேம்பர்ஸ்பர்க் பற்றிப் பேசலாமா என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் "யோசிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். அப்புறம், பச்சைக் காப்பிக்கொட்டை எங்கே வாங்குவது?

கருவேலம்:
யோசித்து என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள். காப்பிக்கொட்டை ஆன்லைனில் கிடைக்கும். வீட்டில் பழகிப் பார்த்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அடித்துவிடும்.