ஹாக்கர் என்ற சொல்லுக்கும் வல்லூறுக்கும் தொடர்பு உண்டா?

மேகலை:
தெருவில் சரக்கு விற்பவரை ஆங்கிலத்தில் ஹாக்கர் என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஹாக் என்றால் வல்லூறு, அதுபோலக் கத்திக்கொண்டே சுற்றி வருவதால் அந்தப் பெயர் என்று பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தினமும் கீரைக்கூடையோடு எங்கள் தெருவுக்கு வரும் அம்மாவைப் போய் வல்லூறு என்பதா?

வேர்ச்சொல்:
பறவைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வல்லூறைக் குறிக்கும் ஹாக் பழைய ஆங்கிலச் சொல். விற்பவரைக் குறிக்கும் ஹாக்கரோ வட ஜெர்மனியில் பேசப்பட்ட லோ ஜெர்மன் மொழியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு மூலமான வினைக்கு விற்பது, முதுகில் சுமப்பது, குந்தி உட்காருவது என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். உங்கள் தெரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் குந்துகிறாரே, அதுதான் இந்தச் சொல். இன்னொன்று, கூவி விற்பது என்ற பொருளில் வரும் ஹாக் என்ற வினை பின்னால் பிறந்தது. ஹாக்கர் என்ற பெயர் முதலில் வந்தது, அதன் வாலை வெட்டி வினையாக்கிக்கொண்டார்கள். ஊர் சுற்றி விற்பவரைக் குறிக்கும் பெட்லர் என்ற சொல்லும் இப்படித்தான், விற்பவர் முதலில், விற்பது அப்புறம்.

குமார்:
ஹக்ஸ்டர் என்பதும் இதே குடும்பம்தான். சில்லறையாக விற்பவர் என்று மட்டுமே இருந்த அந்தச் சொல்லுக்கு இன்று ஏமாற்றி விற்பவன் என்ற பொருளும் ஏறிவிட்டது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சட்டத்தில் வேறு கதை. இங்கிலாந்தின் 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்தே போய் விற்பவர் பெட்லர், 1888 சட்டப்படி குதிரையோ வேறு சுமைவிலங்கோ வைத்துக்கொண்டு விற்றவர் ஹாக்கர் எனப்பட்டார். முதுகுச் சுமையில் பிறந்த சொல், சட்டத்துக்குள் வந்ததும் சுமையைக் குதிரை மேல் ஏற்றிவிட்டது! நம் நாட்டில் 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தின் தலைப்பில் ஹாக்கர் இல்லை, வெண்டர்தான். அது லத்தீன் வழி வந்த சொல், விற்பவர் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சிங்கைவாசி:
இங்கே சிங்கப்பூரில் ஹாக்கர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். தெருவில் விற்றவர்களை 1970-களில் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார்கள், அவைதான் ஹாக்கர் சென்டர்கள், தமிழில் உணவங்காடி நிலையம் என்கிறோம். 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்த ஹாக்கர் பண்பாடு இடம்பெற்றது.

மேகலை:
எல்லோருக்கும் நன்றி. சரி, தமிழில் இதற்கு ஒரே சொல்லாக என்ன எழுதலாம்? தெரு வியாபாரி என்றால் கடை போட்டு உட்கார்ந்திருப்பவரும் அதில் வந்துவிடுகிறாரே.

வேர்ச்சொல்:
தலைச்சுமை வியாபாரி என்பது பேச்சில் இருக்கிறது, ஹாக்கரின் வேருக்கும் அது நெருக்கம். ஒரே சொல்தான் வேண்டும் என்றால் சிலப்பதிகாரத்தில் ‘பகர்வனர் திரிதரு நகர வீதி’ என்று வருகிறது, புகாரில் பூவும் சாந்தும் விற்றுக்கொண்டு அலைந்தவர்களைச் சொல்லும் இடம். பகர்தல் என்றால் சொல்வது, விற்பது இரண்டுமே. கூவி விற்பது என்ற பொருளை உங்கள் வகுப்பில் வல்லூறிடம் போய்த் தேடியிருக்கிறார்கள், அது இந்தச் சொல்லில் இருக்கிறது. பகர்வனர் என்றே எழுதுங்கள்.