உள்நுழைவுப் பெயரே பிரைமரி கீயாக இருக்கும் தரவுத்தளத்தில் பெயர்களை மாற்றுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ஆரக்கிள் தரவுத்தளத்தில் உள்நுழைவுப் பெயர்தான் பயனர் அட்டவணையின் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை). அதிகபட்சம் 8 எழுத்துகள் கொண்ட அந்தப் பெயர்களை எல்லாம் மின்னஞ்சல் முகவரிகளாக மாற்றும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் கீயைச் சுட்டும் கட்டுப்பாடு) வழியாகத் தேடியபோது நூற்றுக்கும் மேற்பட்ட அட்டவணைகள் அகப்பட்டன. அவை போக, "உருவாக்கியவர்", "ஒப்புதல் அளித்தவர்" போன்ற நெடுவரிசைகளில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலே அதே பெயர் பதிவாகியிருக்கிறது. பயனர் அட்டவணையில் மாற்றினால் மற்ற இடங்களிலும் தானாக மாறிவிட வழி உண்டா? ஒரு வார இறுதிக்குள் முடிக்க வேண்டும்.

பதில் 1:
தானாக மாறாது. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றில் ஃபாரின் கீயை அறிவிக்கும்போதே 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' என்று குறிப்பிடலாம்; மூல மதிப்பு மாறினால் சார்ந்த வரிகளும் தானாக மாறும். ஆரக்கிளில் அந்த வசதி கிடையாது. கட்டுப்பாடுகளை முடக்காமல் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு பயனருக்கும் புதிய பெயரில் இன்னொரு வரியைச் சேர்த்து, சார்ந்த அட்டவணைகளை அதற்கு மாற்றி, கடைசியில் பழைய வரியை நீக்குங்கள். அதற்கு முன் நீளத்தைக் கவனியுங்கள். 8 எழுத்து நெடுவரிசையில் மின்னஞ்சல் முகவரி அடங்காது. நெடுவரிசைகளை அகலப்படுத்திய பிறகும், நிரல்களுக்குள் 8 எழுத்து என்று அறிவிக்கப்பட்ட மாறி ஒன்று எங்காவது தங்கிவிட்டால், திங்கட்கிழமை காலையில் ஓஆர்ஏ-06502 பிழையாக (மதிப்பு மாறியில் அடங்காதபோது ஆரக்கிள் தருவது) அது வெளிப்படும்.

பதில் 2:
நெடுவரிசையின் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எழுத்து வகை நெடுவரிசைகள் அனைத்தின் மதிப்புகளையும் பயனர் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 'சார்' என்ற நிலையான நீள எழுத்து வகையில் பின்னால் நிரப்பப்பட்ட இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும்.

டிரிக்கர்களைப் (வரி மாறும்போது தானாக இயங்கும் நிரல்கள்) பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய இடத்தில் இதே வேலையைச் செய்தபோது, "கடைசியாக மாற்றிய நேரம்" என்ற நெடுவரிசையைப் புதுப்பிக்கும் டிரிக்கரை நிறுத்த மறந்துவிட்டோம். பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஆவணங்கள்கூட அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் திருத்தப்பட்டதாகக் காட்டின. பழைய நேரங்களை பேக்கப்பிலிருந்து மீட்டெடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடவுச்சொல்லின் ஹேஷில் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் குறியீட்டில்) பயனர் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் எம்டி5 ஹேஷ் முறை அப்படிப்பட்டது. அதனால்தான் அங்கே ஒரு பயனரின் பெயரை மாற்றினால் எம்டி5 கடவுச்சொல் அழிக்கப்பட்டுவிடுகிறது.

தணிக்கைப் பதிவுகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அன்று எந்தப் பெயரில் அந்தச் செயல் நடந்ததோ, அந்தப் பெயரே அங்கு நிற்க வேண்டும். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் அட்டவணை ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் போதும்.

பதில் 3:
மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனாலும் இந்த மாற்றமே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மின்னஞ்சல் முகவரியும் மாறக்கூடியதுதான். ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொண்டாலே இதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். பயனர் அட்டவணையில் "உள்நுழைவுப் பெயர்" என்று புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அதற்கு ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் இட்டு, உள்நுழையும் பகுதி அதைப் பார்க்கும்படி மட்டும் திருத்துங்கள். பழைய 8 எழுத்துப் பெயர், யார் கண்ணிலும் படாத உள் அடையாளமாக இருந்துவிட்டுப் போகட்டும். இனி வரும் பயனர்களுக்கு அந்த இடத்தில் சீக்வென்ஸ் (வரிசையாக எண்களை உருவாக்கும் வசதி) தரும் எண்ணை இடலாம். முகவரியைச் சிறிய எழுத்துகளாக்கி ஒப்பிடுங்கள். இல்லையெனில் ஒரே முகவரி இரண்டு பயனர்களாகப் பதிவாகிவிடும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது வழியைச் சோதனைத் தரவுத்தளத்தில் செய்து பார்த்தேன். உள்நுழைவுக்கான வினவல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பழைய பெயரை நேரடியாகக் காட்டும் திரைகளையும் அறிக்கைகளையும் மட்டும் பயனர் அட்டவணையுடன் இணைத்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அவற்றின் பட்டியலை இப்போது தயாரித்து வருகிறேன்.