நாலு கோர் ஓடியும் வேகம் இரண்டு மடங்கில் நிற்கிறது

சேலத்தில் கடைசி ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறேன். டிரான்சிஸ்டரைச் சுருக்கினால் மட்டும் போதாது என்று காட்டுவதுதான் புராஜெக்ட்.

கையில் இருப்பது ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, 4 ஜிபி, 1.5 கிகாஹெர்ட்ஸ். பெரிய மேட்ரிக்ஸ் பெருக்கலில், ஒரே கோரோடு (சிப்பில் கணக்குப் போடும் பகுதி) ஒப்பிட்டால், இரண்டு கோருக்கு 1.8 மடங்கு வேகம், நாலுக்கு 2.1 தான். மூன்று வாரமாக இப்படியே.

முதலில் சேலத்து வெயில் மேல்தான் சந்தேகம். 80 டிகிரி தொட்டால் இந்தச் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்க், ஃபேன் போட்டேன். அப்புறம் ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கே கொண்டுபோய் ராத்திரியில் ஓட்டினேன். 55 டிகிரிதான், ஆனாலும் அதே 2.1. அடாப்டரும் மாற்றியாயிற்று.

நாலு கோரும் ஒரே 1 எம்பி எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி) பகிர்கின்றன. மெமரிதான் தடை என்று உறுதியானால், மெமரியைச் சிப் மேலேயே அடுக்கும் முறை ஏன் தேவை என்று இதை வைத்தே விளக்கிவிடுவேன்.

கோர்கள் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தை இந்தப் போர்டில் எப்படி அளப்பது?