செவ்வாய்பேட்டை முதலாளியும் என் புதுக் காரும்

பணம் இருந்தும் காட்டிக்கொள்ளாமல் வாழ்பவர்கள் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், நான் ஒன்பது வருடம் பில் எழுதிய சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிக்கடை முதலாளி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் மாட்டியிருக்கும் மஞ்சள் பைக்குள் அஞ்சு கிலோ கொலுசு இருக்கும், பார்க்கிறவர்கள் காய்கறி என்றுதான் நினைப்பார்கள்.

கொலுசுத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைக்காரர் கட்டி வெள்ளி கொடுப்பார், சிவதாபுரம், பனங்காடு பக்கம் பட்டறைகளில் அதை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போட்டுத் திரும்ப எடை போட்டுக் கொடுப்பார்கள், கூலி கிலோ கணக்கு. பட்டறையைக் கூட்டின குப்பையைக்கூட யாரும் வெளியே கொட்டமாட்டார்கள், உருக்கினால் அதிலும் வெள்ளி வரும். அப்படி ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிற இடம்.

நான் லோன் போட்டு கார் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் மச்சான் வாங்கிவிட்டான் என்பதற்காக. கடை வாசலில் நிறுத்தினதும் முதலாளி வெளியே வந்து பானட்டில் கை வைத்துப் பார்த்து, "நல்லா இருக்குது தம்பி, அம்மாவை உட்கார வெச்சு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வா" என்றார். அப்புறம் மெதுவாக, "டியூ எவ்வளவு?" சொன்னேன். சம்பளத்தில் பாதி. அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை.

நீங்கள் ஏன் கார் வாங்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "பட்டறைக்காரர் கூலி சேர்த்துக் கேட்டு இந்தப் பெஞ்சுல வந்து உட்காருவாரு. வாசல்ல காரை நிறுத்திட்டு, கையில நாலு மோதிரம் போட்டுக்கிட்டு, 'இப்ப கட்டாதுங்க'ன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அவருடைய அப்பா கதர் தவிர வேறு கட்டாதவராம். சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்த, 1917ல் நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜாஜி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்துக் குடிசையில் இருந்ததை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் முதலாளி கஞ்சர் இல்லை. தீபாவளிக்கு முதல் வாரமே எல்லாப் பட்டறைக்கும் பாக்கி இல்லாமல் பணம் போய்விடும், எழுதினவன் நான்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரெண்டு மாசம் டியூ கட்ட முடியவில்லை. கேட்காமலேயே கட்டினார். சம்பளத்திலும் பிடிக்கவில்லை, கடையில் யாருக்கும் தெரியாது. இப்போதுதான் நானே வெளியே சொல்கிறேன்.

கடைசி டியூ கட்டின வாரம் அவரை அந்தக் காரிலேயே ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறவரை டிபன் பாக்ஸை மடியிலேயே வைத்திருந்தார். மேலே போனதும் "இடப்பக்கம் திருப்பு" என்றார். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி ஏறின ஒரு காப்பித் தோட்டம். காவல்காரர் ஓடிவந்து கேட்டைத் திறந்து, "வாங்க மொதலாளி" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அப்பா வாங்கினது" என்று மட்டும் சொன்னார். பழம் பறிக்கிற பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த களத்திலேயே நாங்களும் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அந்த அம்மாக்கள் எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் ராகிக் களி வைத்தார்கள்.