முத்தியால்பேட்டை குடும்பம்: வியாழன் ராத்திரி

நவம்பர் 20, வியாழன்

[10:09] அம்மா: கவி எங்க இருக்க. போன் எடுக்கல

[10:13] கவி: வெளிய இருக்கேன்மா, அத்தையோட. இங்க இன்னும் ஆறு மணிகூட ஆகல

[10:13] அம்மா: அண்ணி கூடவா. அப்ப சரி. கோயிலா?

[10:14] பிரவீன் அண்ணா: வியாழக்கிழமை. சாய்பாபாவா இருக்கும் 😄

[10:16] கவி: (படம்)

[10:16] அம்மா: இது என்ன எடம். பீப்பாயா இருக்கு

[10:17] கவி: கஃபே மாதிரிதான்மா

[10:17] பெரியப்பா: கஃபே இல்ல. ஒயின் பார். பின்னாடி சுவத்துல கரும்பலகை தெரியுது பாரு, அதுல எழுதியிருக்கறது எல்லாம் ஊர் பேரு. ஷினோன், மொர்கோன், சான்சேர்.

[10:18] அம்மா: மாமா நீங்க சும்மா இருங்க. கவி, என்ன இது

[10:18] கவி: இன்னைக்கு பாரிஸ்ல பாதிப் பேரு இங்கதான் இருக்காங்கமா. நவம்பர் மூணாவது வியாழன், பொஜொலே நூவோ வர்ற நாள். இந்த வருஷம் பறிச்ச திராட்சையோட ஒயின் முதமுதல்ல கடைக்கு வரும்

[10:19] சரவணன் மாமா: சாமியே சரணம் ஐயப்பா 🙏 கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டிருக்கேன். குரூப்ல இந்த மாதிரி படமெல்லாம் போடாதீங்க

[10:19] சரவணன் மாமா: பீப்பாய் மேல தட்டுல என்ன இருக்கு?

[10:20] பாரிஸ் அத்தை: (குரல் பதிவு, 0:41)

[10:21] பிரவீன் அண்ணா: அத்தை, கூட்டச் சத்தத்துல ஒண்ணுமே புரியல. டைப் பண்ணுங்க

[10:24] பாரிஸ் அத்தை: நாந்தான் கூட்டிட்டு வந்தேன், புள்ளய திட்டாத. படத்துல இருக்கறது முதல்ல போன கடை. பரோன் ரூஜ். அலிக்ர் சந்தைக்கிட்ட. பீப்பாய் அடுக்கி வச்சு அதுலேந்தே ஊத்துவான். காலி பாட்டில் எடுத்துட்டுப் போனா ரொப்பியும் குடுப்பான். கூட்டம் நடைபாதை வரைக்கும் நிக்குது. எனக்கு முட்டி வலி, அவ்ளோ நேரம் யாரு நிக்கறது. பக்கத்து சந்துல ஒரு சின்னக் கடை பாத்து உக்காந்துட்டோம்

[10:26] கவி: (படம்)

[10:26] அம்மா: ரெண்டு கிளாஸ் இருக்கு

[10:27] அம்மா: கவி

[10:27] அம்மா: ரெண்டு கிளாஸ் இருக்கு

[10:29] கவி: ஒண்ணு திராட்சை ஜூஸ்மா. ஒயின் போடறவங்களே புளிக்க வைக்காம தனியா போடறது. அதையும் இதே கிளாஸ்லதான் ஊத்தித் தர்றாங்க

[10:29] அம்மா: எது யாருது

[10:30] கவி: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

[10:30] பிரவீன் அண்ணா: நான் படிச்சுட்டேன் 😂

[10:31] அம்மா: என்ன போட்டா பிரவீன்? சொல்லு

[10:31] பிரவீன் அண்ணா: எனக்கு ஏன் சித்தி வம்பு

[10:33] பெரியப்பா: படத்த வச்சே சொல்லிடலாம். வெளிச்சத்துல பிடிச்சு இன்னொண்ணு எடு. நூவோன்னா தெளிவா இருக்கும், ஓரத்துல ஊதா கலந்த ரோஸ் தெரியும். ஜூஸ் கொஞ்சம் கலங்கலா நிக்கும். அப்புறம் அந்தக் கிளாஸ உருண்டையில பிடிக்காத, காம்புல பிடி. கைச்சூடு ஏறினா நூவோ சப்புனு போயிடும். அது லேசா சில்லுனு குடிக்கவேண்டியது

[10:34] அம்மா: இவரு வேற கிளாஸ் எடுக்கறார்

[10:35] பெரியப்பா: துலோன்ல பிரெஞ்சுப் பட்டாள மெஸ்ல இருந்தப்ப கத்துக்கிட்டதும்மா. ஒயின் இல்லாம அவனுக்குப் பட்டாளமே கிடையாது. முதல் உலகப்போர்ல சிப்பாய்க்கு தினசரி ரேஷன்ல ஒயின். கால் லிட்டர்ல ஆரம்பிச்சு, போர் முத்த முத்த ஏத்திக்கிட்டே போனான். நம்ம கடற்கரைச் சாலை நினைவுச்சின்னத்துல பேரு இருக்கறவங்களுக்கும் அதுதான் குடுத்திருப்பான்

[10:36] சரவணன் மாமா: ஒரு கிளாஸ் எவ்ளோ ஆகுது?

[10:36] கவி: அஞ்சு யூரோ மாமா. 120 மில்லி.

[10:37] சரவணன் மாமா: ஐநூறு ரூபாயா!! அந்தக் காசுக்கு இங்க

[10:37] திவ்யா அண்ணி: மாமா மாலை

[10:37] சரவணன் மாமா: சும்மா கணக்குக்கு கேட்டேன். சாமி சரணம்

[10:41] சித்தப்பா: *பலமுறை பகிரப்பட்டது* 🍇🍇 திராட்சை ரசம் தினமும் ஒரு டம்ளர் இதயத்தைக் காக்கும் அருமருந்து!! பிரெஞ்சுக்காரர்கள் மாரடைப்பு இல்லாமல் வாழும் ரகசியம்!! படித்ததும் பகிருங்கள் 🍇🍇

[10:43] திவ்யா அண்ணி: சித்தப்பா இது 1990கள்ல ஓடின கதை. வெண்ணெயும் சீஸும் தின்னும் அவங்களுக்கு மாரடைப்பு கம்மியா இருக்கே, ஒயின்தான் காரணம்னு அப்ப நம்பினாங்க. இப்ப அத யாரும் சொல்றதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு, எவ்ளோ கொஞ்சமா குடிச்சாலும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. ஆல்கஹால் புற்றுநோய் வரவைக்கற பட்டியல்ல முதல் பிரிவுல இருக்கு. புகையிலை இருக்கற அதே பிரிவு

[10:43] திவ்யா அண்ணி: குடிக்கறவங்க ருசிக்குன்னு குடிக்கட்டும். மருந்துன்னு சொல்லிக் குடிக்காதீங்க. அவ்ளோதான்

[10:44] பாரிஸ் அத்தை: இங்க சுவத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸ்லயே கீழ அதத்தான் போட்டிருக்கான். அளவு மீறினா உடம்புக்கு ஆபத்துன்னு. போடலன்னா சட்டப்படி தப்பு

[10:45] சித்தப்பா: எனக்கு வந்துது நான் அனுப்பினேன். அக்கா நல்லா இருக்கியா

[10:48] அம்மா: எல்லாம் சரி. பொம்பளைங்க ரெண்டு பேரு பார்ல உக்காந்திருக்கறது நல்லாவா இருக்கு. நாலு பேரு பாத்தா?

[10:48] பிரவீன் அண்ணா: பாரிஸ்ல எந்த நாலு பேரு சித்தி

[10:49] பிரவீன் அண்ணா: அதுவும் இத புதுச்சேரிலேந்து சொல்றோம் பாருங்க. பால் வாங்கப் போனாலே வழியில எத்தனை போர்டு. சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாம் ஏலம் போட்டு நடத்தற ஊரு நம்ம ஊரு

[10:50] அம்மா: அங்க நான் போனேனா

[10:53] பாரிஸ் அத்தை: அதத்தான் நானும் சொல்றேன். நம்ம தெரு முனைக் கடையில நீயும் நானும் உள்ள போய் உக்கார முடியுமா? ஒரு சோடா குடிக்கவாவது? நின்னு அவசர அவசரமா ஊத்திக்கிட்டு வெளிய வந்து எங்கயாவது விழறதுக்குத்தான் அந்தக் கடை. இங்க எனக்கு அடுத்த டேபிள்ல ஒரு கிழவி தனியா உக்காந்திருக்கு. எண்பது இருக்கும். ஒரே ஒரு கிளாஸ். நாங்க வரும்போதே பாதி இருந்துச்சு, இப்பவும் கால்வாசி இருக்கு. குறுக்கெழுத்து போட்டுட்டு இருக்கு. கிளாஸ் காலியாச்சான்னு யாரும் வந்து நிக்கல, இடத்த காலி பண்ணுனும் சொல்லல. அந்தப்பக்கம் கைக்குழந்தையோட புருஷன் பொண்டாட்டி. இத்தனை வருஷமா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணாடி வழியா பாத்துட்டே போயிருக்கேன். உள்ள வரணும்னு தோணினதே இல்ல. இது நமக்கான எடம் இல்லன்னு நெனச்சிருந்தேன்

[10:54] அம்மா: சரி அண்ணி

[10:54] அம்மா: சாப்ட எதாவது இருக்கா வெறும் வயித்துல உக்காந்திருக்கீங்களா

[10:56] கவி: (படம்)

[10:56] சரவணன் மாமா: அது என்ன, கட்டை மாதிரி இருக்கு, நடுவுல குச்சி சொருகியிருக்கு

[10:59] கவி: ஆட்டுப்பால் சீஸ் மாமா. செந்த்-மோர் த தூரேன். நடுவுல இருக்கறது வைக்கோல், உடையாம இருக்க. எந்தப் பண்ணையில செஞ்சதுன்னு அந்த வைக்கோல்லயே பொறிச்சிருக்கும். இத அத்தைதான் உருவி எடுத்துக் காட்டினாங்க, கடைக்காரர் அசந்துட்டார்

[11:00] பிரவீன் அண்ணா: அத்தை சூப்பர்மார்க்கெட்ல சீஸ் கவுண்டர்ல இருந்தவங்களாச்சே

[11:03] கவி: அதான் இன்னைக்குக் கூத்தே. அவர் கோம்தேங்கற சீஸ வச்சுட்டு பதினெட்டு மாசம் பக்குவப்படுத்தினதுன்னார். அத்தை ஒரு துண்டு எடுத்து விரல்ல வளைச்சுப் பாத்தாங்க, மோந்தாங்க. “முசியே, இது பன்னண்டு மாசத்துக்கு மேல இருக்காது, இன்னும் படிகம் நாக்குல மாட்டல”ன்னாங்க. நான் டேபிளுக்கு அடியில போயிட்டேன். அவர் உள்ள போய் அட்டையப் பாத்துட்டு வந்து “மதாம் சொல்றதுதான் சரி”ன்னு கையெடுத்துக் கும்பிடாத குறை. அதுக்கப்புறம் வேற துண்டு, பழசு, காசு வாங்காம வந்துச்சு

[11:04] பாரிஸ் அத்தை: பாவம் அந்தப் பையன், சப்ளைக்காரன் சொன்னத சொன்னான். நாப்பது கிலோ சக்கரம் அது, ஒண்ணு செய்ய நானூறு லிட்டர் பால். அத வெட்டி வெட்டி என் தோள்பட்டையே போச்சு. எனக்கா தெரியாது

[11:05] சித்தப்பா: அக்கா சூப்பர் 👏👏👏

[11:06] சரவணன் மாமா: தட்டுல ஓரமா இருக்கற சிவப்பு

[11:06] திவ்யா அண்ணி: மாமா அது உங்களுக்கு வேணாம்

[11:07] சரவணன் மாமா: சரணம் ஐயப்பா

[11:10] சரவணன் மாமா: செப்டம்பர்ல பறிச்சத நவம்பர்ல குடிக்கறான்னா எப்படி? வருஷக்கணக்கா வைக்கணும்னு சொல்வாங்களே

[11:15] கவி: நானும் அதத்தான் கேட்டேன். மத்த ஒயினுக்கு திராட்சைய நசுக்கித்தானே போடுவாங்க? இதுக்கு கொத்தோட அப்படியே மூடின தொட்டியில போடறாங்க. உள்ள பூரா கார்பன் டை ஆக்சைடு. பழம் உடையாமலே உள்ளுக்குள்ள புளிக்க ஆரம்பிச்சுடும். அதனால தோல், கொட்டையோட துவர்ப்பு அதிகம் இறங்காது, சீக்கிரம் குடிக்க ஆயிடும். பழம் உடையக்கூடாதுங்கறதால மிஷின் விடாம கையாலதான் பறிக்கறாங்க

[11:16] சரவணன் மாமா: மாம்பழத்துக்குக் கல்லு வைக்கற மாதிரின்னு சொல்லு

[11:17] பெரியப்பா: அது வேற, இது வேற. மாம்பழத்துக்கு வைக்கறது கார்பைடு, விஷம்.

[11:18] கவி: வாசனைதான் ஆச்சரியம். மோந்து பாத்தா வாழைப்பழம்! பூவன் பழம் தொங்கற மளிகைக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி. வாழைப்பழத்துல இருக்கற அதே வாசனைப்பொருள்தான் இதுலயும் இருக்காம்

[11:18] அம்மா: மோந்துதான் பாத்தியா

[11:19] கவி: மோந்துதான்மா

[11:22] பெரியப்பா: அந்தத் திராட்சைக்கு காமேன்னு பேரு. பெரிய எடத்துல அதுக்கு மரியாதை கிடையாது. பூர்கோஞ் பிரபு ஃபிலிப் 1395ல சட்டமே போட்டான், இந்தத் துரோகிக் கொடிய வேரோட பிடுங்குன்னு. நெறைய காய்க்குதாம், அது குத்தம். அவன் பினோ நுவார் திராட்சைதான் ஒசத்தின்னு நின்னான். காமே தெற்க தள்ளிப்போய் பொஜொலே மலைச்சரிவுல பிழைச்சுக்கிச்சு. இப்பப் பாரு, துரத்தி விட்டதுக்கு வருஷா வருஷம் திருவிழா

[11:23] பிரவீன் அண்ணா: திருவிழா எல்லாம் வியாபாரிங்க பண்ணினதுப்பா. 1951லதான் சீக்கிரமா விக்கவே அனுமதி. அப்புறம் நவம்பர் 15ன்னு வச்சிருந்தாங்க, 1985ல மூணாவது வியாழன்னு மாத்தினாங்க. வார இறுதிக் கூட்டம் சேத்து கெடைக்கும்ல

[11:24] பெரியப்பா: யாரு பண்ணினா என்ன. என் தங்கச்சி உக்காந்து சாப்பிடறா, போதும்

[11:26] கவி: பெரியப்பா நீங்க கேட்ட படம் (படம்)

[11:28] பெரியப்பா: வலது பக்கம் நூவோ. சந்தேகமே இல்ல. இடது பக்கம் ஜூஸ்.

[11:28] அம்மா: வலது பக்கம் யாரு

[11:29] திவ்யா அண்ணி: வலது கிளாஸ் பக்கத்துல ஒரு கை தெரியுது. ரெண்டு கெட்டி வளையல், முருகன் மோதிரம்

[11:29] பிரவீன் அண்ணா: 😂😂😂😂

[11:30] சித்தப்பா: அக்கா????

[11:32] பாரிஸ் அத்தை: ஆமா என்னுதுதான். இப்ப என்ன. கவிக்கு அந்தத் துவர்ப்பு பிடிக்கலயாம், ஒரு வாய் வச்சுட்டு ஜூஸ் கேட்டுட்டா. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் சமைச்சுப் போட்டு ஆளாக்கினவன் எல்லாம் என்னைக் கேள்வி கேக்கறீங்களா

[11:32] சித்தப்பா: இல்லக்கா இல்ல. நல்லா சாப்பிடு

[11:33] அம்மா: ஒரு வாயா?

[11:33] கவி: அம்மா 🙏

[11:38] பெரியப்பா: கிளாஸ் இடிக்கும்போது கண்ணப் பாத்து இடிச்சியா? இல்லன்னா அவங்க தப்பா நெனப்பாங்க

[11:39] பாரிஸ் அத்தை: கிழவியோட இடிச்சேன் அண்ணே. நான் கிளம்பறப்ப அதுவே கிளாஸ தூக்கிச்சு

[11:46] கவி: கிளம்பிட்டோம். மொத்தம் 24 யூரோ. ரெண்டு கிளாஸ், தட்டு. ரொட்டியும் தண்ணியும் சும்மா. சேவைக் கட்டணம் விலையிலயே சேந்துடும், தனியா டிப்ஸ் வைக்கணும்னு இல்ல. அத்தை ரெண்டு யூரோ வச்சாங்க, அந்தப் பையன் வெக்கப்பட்டான்

[11:47] அம்மா: எப்படிப் போவீங்க. இருட்டிடுச்சா

[11:48] கவி: நடந்தா கார் த லியோன் ஸ்டேஷன், அங்கேந்து அத்தைக்கு சார்செல் வரைக்கும் ஒரே ரயில். நான் ஏத்தி விட்டுட்டுப் போறேன்

[11:48] அம்மா: ரயில்ல தூங்கிடப் போறாங்க

[11:49] பாரிஸ் அத்தை: ஒரு கிளாஸ்தான்டி

நவம்பர் 21, வெள்ளி

[5:12] சரவணன் மாமா: சாமியே சரணம் ஐயப்பா 🙏 இனிய காலை வணக்கம்

[5:13] சரவணன் மாமா: அந்த ஆட்டுப்பால் சீஸ் மாலை கழட்டினப்புறம் இங்க எங்க கிடைக்கும்

[7:40] பிரவீன் அண்ணா: வெள்ளைக்காரத் தெருவுல கேட்டுப் பாருங்க மாமா. விலையக் கேட்டு மறுபடி மாலை போட்டுக்காதீங்க

[12:55] பாரிஸ் அத்தை: எல்லாருக்கும் காலை வணக்கம். ஞாயித்துக்கிழமை பரோன் ரூஜ்ல சிப்பி போடுவான், குளிர்காலத்துல வார இறுதியில மட்டும். கவி, சந்தைக்கு வர்ற மாதிரி சீக்கிரம் வந்துடு

[12:57] அம்மா: சிப்பின்னா பச்சையாவா அண்ணி

[12:58] பாரிஸ் அத்தை: உசிரோட. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சுருங்கணும், அப்பத்தான் நல்ல சிப்பி

[12:58] அம்மா: ஐயோ முருகா

[1:06] அம்மா: நான் மே மாசம் வரும்போது அந்த ஜூஸ் கிடைக்குமா

[1:07] பாரிஸ் அத்தை: கிடைக்கும். கூட்டிட்டுப் போறேன்

[1:07] அம்மா: ஜூஸ்தான்

[1:15] பெரியப்பா: மே மாசத்துல யாராவது நூவோ குடுத்தா வாங்காதே. அதுக்குள்ள செத்துப் போயிருக்கும். ரோஸேன்னு இளஞ்சிவப்பு ஒயின் இருக்கும், அதக் கேளு.