கோடைத் தவணைப் பயணங்கள்: "ஆசிரியர் கூட நடக்க மாட்டார்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு

வடலி:
இந்த மன்றத்தின் பிள்ளை வளர்ப்புப் பகுதியில் கடலோடி அண்ணை எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இதுதான்: "இங்கிலாந்தில் கோடைத் தவணை வந்தால் பெண்கள் பள்ளிக்கூடங்களில் படிப்பு முடிந்த மாதிரித்தான். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைக் காட்டில் இறக்கிவிட்டு ஆசிரியர்கள் காரில் இருந்து கோப்பி குடிக்கிறார்கள்."

இதை நம்பி எனக்குத் தெரிந்த ஒரு தாய் மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு என் மகளிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

அண்ணை சொல்வது டியூக் ஒஃப் எடின்பரோ விருது என்ற இளையோர் திட்டத்தின் முதல் படியான வெண்கலத்துக்குரிய நடையை. பிள்ளைகள் தாங்களே வழி பார்த்து நடந்து, கூடாரத்தில் தங்குவார்கள். இரண்டு பகல், ஒரு இரவு. நான்கு முதல் ஏழு பேர் வரை ஒரு குழு. முதலில் பயிற்சி. வரைபடம் வாசிக்கவும், அடுப்பைப் பத்திரமாகப் பற்றவைக்கவும், வழி தவறினால் என்ன செய்வதென்றும் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று மேற்பார்வையாளருக்குத் திருப்தி வந்த பிறகுதான் அவர் தள்ளி நிற்பார். தள்ளி நின்றாலும் குறித்த இடங்களில் காத்திருந்து, குழு வந்து சேர்கிறதா என்று பார்ப்பார். இதற்குப் பெயர் காட்டில் விடுவதா?

கடலோடி:
தங்கச்சி இவ்வளவு எழுதியும் நான் சொன்னதைத்தான் உறுதிப்படுத்தியிருக்கிறார். கூட நடக்க மாட்டார்கள். குறித்த இடத்தில் காத்திருப்பார்கள். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் யார்? பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் மட்டும். அவ்வளவுதான் என் கேள்வி.

வடலி:
அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகும்போது நடுவில் யார், அண்ணை?

கோவைக்காரன்:
பாதுகாப்பை விடுங்கள், பணத்தைப் பேசுங்கள். ஏப்ரலில் பள்ளி திறந்ததிலிருந்து ஜூலை வரை வாரத்துக்கு ஒரு கடிதம். நாடகம் பார்க்க, அருங்காட்சியகம் பார்க்க, பிரான்ஸ் போக, கூடாரம் போட. எல்லாவற்றுக்கும் பணம். இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறவன் நிலைமை யாருக்கும் புரியாது. அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த சின்னவளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், கடையில் வாங்கிய அழிரப்பரைக் காட்டுகிறாள்.

வடலி:
தம்பி, பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டணம் கேட்கவே முடியாது. விரும்பினால் தாருங்கள் என்றுதான் கேட்கலாம். தராத பெற்றோரின் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இரவு தங்கும் பயணமென்றால் தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை வாங்கலாம். குறிப்பிட்ட சில அரச உதவிகள் பெறும் குடும்பங்களிடம் அதையும் வாங்கக் கூடாது. கடிதத்தை முழுதாக வாசியுங்கள்.

கோவைக்காரன்:
முழுதாக வாசித்தேன் மேடம். "போதிய பணம் சேராவிட்டால் பயணம் ரத்து" என்று கடைசி வரியில் இருக்கிறது. என்னால் ரத்தானது என்று என் பெண்ணை வகுப்பே பார்க்கும். இது விருப்பமா, கட்டாயமா?

ஈரநிலம்:
நீங்கள் பேசுவது அரச பள்ளியா, கட்டணப் பள்ளியா? வடலி அக்கா சொன்ன விதி அரச நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு மட்டும். அதோடு வெண்கல நடை பெரும்பாலும் சனி, ஞாயிறில் நடக்கும் விருப்பச் செயற்பாடு. அதற்குக் கட்டணம் வாங்கலாம். முதலில் இதைத் தெளிவாக்கிவிட்டுப் பேசினால் நல்லது.

கடலோடி:
அரசோ கட்டணமோ, கூட நடக்க மாட்டார்கள். அதுதான் விடயம். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடாவில் என்ன நடந்தது என்று தங்கச்சிக்குத் தெரியுமா? பிளிமத்திலிருந்து பள்ளிக்கூடத்தோடு போன பிள்ளைகள் நான்கு பேர் படகு வலிக்கப் போய்க் கடலில் இறந்தார்கள். அவர்களையும் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று நம்பித்தான் பெற்றோர் அனுப்பினார்கள்.

வடலி:
தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போன சாகச நிலையத்தை நடத்திய நிறுவனமே 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதன் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995இல் தனிச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு மலையேற்றம், குகை, படகு என்று நடத்துகிறவர்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்றாயிற்று. அந்த நாலு பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் போராடியதும் சேர்ந்துதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவர்கள் பயணங்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தச் சொன்னார்கள்.

கடலோடி:
தன் சொந்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பள்ளிக்கூடத்துக்கு அந்த உரிமம் தேவையில்லை. அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

வடலி:
உரிமம் தேவையில்லை, பொறுப்பு தேவை. இப்படியான வெளிப் பயணத்துக்கு ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும். பயண ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு ஆசிரியர் இருக்கிறார், அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். போய்க் கேளுங்கள், காட்டுவார்கள். நான் கேட்டேன், காட்டினார்கள். பன்னிரண்டு பக்கம். உண்ணி கடித்தால் என்ன செய்வது என்பது வரை இருந்தது. நீங்கள் கேட்டீர்களா, அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினீர்களா?

கடலோடி:
பன்னிரண்டு பக்கம் எழுதியவர் கூட நடப்பாரா?

செம்பருத்தி:
அண்ணை, அக்கா, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். என் மகளுக்கு அந்த வார இறுதியில்தான் மாதவிலக்கு வரும் போல இருக்கிறது. கழிவறை இல்லாத வழியில் ஆறு மணித்தியாலம் நடப்பது எப்படி? இதை யாரும் கதைக்கவில்லை.

வடலி:
செம்பருத்தி, கேட்டது நல்லது. மகளின் பையில் நான் வைத்தது: அணையாடைகள், ஈரத் துடைப்பான், கை சுத்திகரிப்பான், பழையதைப் போட்டு இறுக்கிக் கட்ட மணம் வெளியே வராத சின்னப் பைகள், எல்லாவற்றையும் ஒரு ஸிப் உறைக்குள். அதை முதுகுப்பையின் மேல் மூடியில் வைக்கச் சொல்லுங்கள். அடியில் போனால் மழையில் நின்று முழுப் பையையும் கொட்ட வேண்டி வரும். வலி மாத்திரை கொண்டு போவதென்றால் மருத்துவப் படிவத்தில் முன்பே எழுத வேண்டும். பெண் ஆசிரியரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைப் பயிற்சிக் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுகிறார்கள். யாரும் நெளிவதில்லை. பையின் மொத்தப் பாரம் பிள்ளையின் உடல் எடையில் காற்பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லுவார்கள். வீட்டிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். நாங்கள் அன்பில் திணிக்கும் முறுக்கும் இனிப்பும்தான் பாரம்.

கோவைக்காரன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஜூலையில் தவணையின் கடைசி வாரம் முழுக்க "செயற்பாட்டு வாரம்". ஒரு பாடமும் இல்லை. அந்த வாரம் ஊருக்குப் போகிறோம் என்றால் மட்டும் அபராதம். 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. விமான டிக்கெட் பள்ளி மூடிய மறுநாள் இரண்டு மடங்கு. கேளிக்கைப் பூங்காவுக்கு அவர்கள் கூட்டிப் போனால் வருகைப் பதிவு, பாட்டியைப் பார்க்க நான் கூட்டிப் போனால் குற்றமா?

கடலோடி:
இது நியாயமான கேள்வி. தங்கச்சி இதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

வடலி:
சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஒழுங்கு செய்து, ஆசிரியர் மேற்பார்வையில் போகும் பயணம் பதிவேட்டில் வருகையாகத்தான் போகும். அதற்கென்று தனிக் குறியீடே இருக்கிறது. பேத்தியைப் பார்க்கப் பாட்டிக்கு ஆசை இருக்கும், எனக்கு விளங்கும். அது ஆறு வார விடுமுறையில் முடியாதா?

அப்புறம், "ஒரு பாடமும் இல்லை" என்பது பொய். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சையின் புவியியலுக்கு வகுப்பறைக்கு வெளியே குறைந்தது இரண்டு தடவை, இரண்டு வேறுபட்ட சூழலில் களப்பணி செய்ய வேண்டும். அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. எழுத்துப் பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வரும். ஆற்றுக்குள் இறங்கி நீரோட்டம் அளந்த பிள்ளையும் படத்தில் பார்த்த பிள்ளையும் ஒரே மாதிரி எழுதுவார்களா? என் மகளின் குழுவில் அளவுகோல் பிடித்தவள் முழங்கால் வரை நனைந்து, குளிரில் பல் கிட்டியபடி எண்களைக் கத்திச் சொல்ல, கரையில் நின்றவள் ஈரத் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். பேனா எழுதவில்லையாம். அந்தத் தாள் இன்னும் அவள் கோப்பில் இருக்கிறது.

ஈரநிலம்:
களப்பணி வேறு, செயற்பாட்டு வாரம் வேறு, டியூக் விருது வேறு. மூன்றையும் சேர்த்துக் குழப்புகிறோம்.

கோவைக்காரன்:
ஆறு வார விடுமுறையில் நான்கு பேருக்கு டிக்கெட் நீங்கள் எடுத்துத் தருகிறீர்களா மேடம்? வசதியுள்ளவர்களுக்கு எல்லாம் எளிது.

வடலி:
என் வசதியை நீங்கள் பார்த்தீர்களா? இரவு வேலை செய்துதான் என் பிள்ளையை அனுப்புகிறேன். சப்பாத்தும் முதுகுப்பையும் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கினது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

செம்பருத்தி:
பிரான்ஸ் பயணம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். மூத்தவள் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறாள். போன முறை விசா சிக்கலால் வகுப்பில் அவள் மட்டும் போகவில்லை.

வடலி:
முன்பு பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது பள்ளிக் குழுவின் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பிரெக்ஸிட்டோடு அது போய்விட்டது. 2023 டிசம்பர் கடைசியிலிருந்து பிரான்ஸுக்கு மட்டும் தனி ஒழுங்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால், இங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயணத்துக்கு விசா தேவையில்லை. எல்லா ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்காது. நீங்களே போய்ச் சொல்லுங்கள். திரும்பி இங்கே நுழைவதற்கு அவளுடைய குடிவரவு ஆவணம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலோடி:
பிரான்ஸுக்கு ஆசிரியர் கூடப் போகிறார் அல்லவா? அங்கே எனக்குப் பிரச்சினை இல்லை. பிரான்ஸுக்குக் கூடப் போகிறவர் பிள்ளைகள் நடக்கப் போகும் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் ஏன் கூட நடக்க மாட்டார்?

வடலி:
ஏனென்றால் அங்கே அவர்கள் தாங்களே நடக்கத்தான் போகிறார்கள். அதற்காகத்தான் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். ஆசிரியர் கூட நடந்தால் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்க்க மாட்டார்கள், ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு பாதை பிரியும் இடத்தில் நின்று, ஐந்து பெண் பிள்ளைகள் வாக்குவாதப்பட்டு, திசைகாட்டியை வைத்துப் பார்த்து, பிழையான பாதையில் போய், வேலியைக் கண்டு திரும்பி வர வேண்டும். என் மகளின் குழு திரும்பி வந்தது. ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் அடுத்த இடத்துக்குப் போனார்கள். அவசரத்துக்கென்று ஒட்டிக் கொடுத்த உறைக்குள் கைபேசி இருந்தது. அதைத் தொடவில்லை. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

கலப்புப் பள்ளியில் படித்த என் அக்காவின் மகள் சொல்வாள், வரைபடம் எப்போதும் பெடியன்களின் கையில்தான் இருந்தது என்று. இங்கே பெண்கள் பள்ளியில் வரைபடத்தைக் கொடுக்க வேறு ஆள் இல்லை. இந்த விருதே 1956இல் ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு 1958இல்தான், அதுவும் தனித் திட்டம். 1969இல்தான் எல்லோருக்கும் ஒரே திட்டமானது. இவ்வளவு பிந்திக் கிடைத்ததை நாங்களே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதா?

கடலோடி:
ஒரு மணித்தியாலம் பிந்தினார்கள்! பார்த்தீர்களா எல்லோரும்? அந்த ஒரு மணித்தியாலம் ஐந்து பெண் பிள்ளைகள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. வாயால் சொல்லிவிட்டார்.

வடலி:
எங்கே என்று தெரியும். எந்தப் பாதையில் வருகிறார்கள் என்ற திட்டம் ஆசிரியரின் கையில் இருந்தது. பிந்தியதும் எதிர்ப்பக்கமாக நடந்து தேடப் புறப்பட்டவர் இன்னொரு ஆசிரியர். எழுதியதை வெட்டி ஒட்டாதீர்கள். போன வருடம் கணித வகுப்பு இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

கடலோடி:
கணித வகுப்பு இழையில் யார் தோற்றார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

கோவைக்காரன்:
பிளெட்ச்லி பார்க் பயணத்துக்கும் இப்போது கடிதம் வந்திருக்கிறது. எட்டாம் ஆண்டுக்கு. இரண்டாம் உலகப் போரில் சங்கேத மொழி உடைத்த இடம் என்கிறார்கள். இதனால் மதிப்பெண் கூடுமா?

வடலி:
அங்கே வேலை செய்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள், தம்பி. கணிதம் பெண்களுக்கு எதற்கு என்று கேட்கும் மாமாமார் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அனுப்புங்கள்.

கோவைக்காரன்:
மதிப்பெண் கூடுமா என்று கேட்டேன்.

செம்பருத்தி:
வடலி அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

கடலோடி:
கணவருக்குச் சொல்லாமல் கையெழுத்தா? இதுதான் இந்த இழையால் வந்த பலன். தங்கச்சி செம்பருத்தி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒரே ஒரு வரி. கூட நடப்பீர்களா, மாட்டீர்களா?

வடலி:
செம்பருத்தி, அந்த மின்னஞ்சலைப் போடுங்கள். ஆனால் கேள்வியை நான் சொல்கிறபடி எழுதுங்கள்: மேற்பார்வையாளர் யார், அவருக்கு என்ன தகுதி, பயிற்சி நடை என்றைக்கு, எந்தெந்த இடத்தில் குழுவைப் பார்ப்பார்கள், இரவில் எந்த ஆசிரியர் எத்தனை அடி தூரத்தில் படுப்பார். பதில் வந்ததும் கணவருக்குக் காட்டுங்கள். பெயரை நீக்கிவிட்டு இங்கேயும் போடுங்கள். கடலோடி அண்ணை வாசிக்கட்டும்.

கடலோடி:
போடட்டும். எத்தனை அடி என்று வந்தாலும் அது படுக்கிற கதை. நான் கேட்டது நடக்கிற கதை.